நடைபாதையில் பதித்த பெயர்கள்

கிழக்கு லண்டனின் குட்மேய்ஸ் ரயில் நிலையம் 1901 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. செவன் கிங்ஸ், குட்மேய்ஸ் வட்டாரத்துப் பண்ணை நிலங்களில் தொடர்வீடுகளைக் கட்டி விற்றவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சிபால்ட் கமரன் கோர்பெட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். வீடு வாங்குகிறவர்கள் நகருக்கு வேலைக்குப் போய்வர வேண்டுமே என்று ரயில் கம்பனியோடு பேசி நிலையங்களை வரவழைத்தவரும் அவர்தான். மதுவிலக்கில் இறுக்கமானவர், தான் கட்டிய தெருக்களில் மதுச்சாலைக்கு இடமே வைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தெருக்களில் பஞ்சாபிகளும் வங்காளிகளும் ருமேனியர்களும் தமிழர்களாகிய நாங்களும் குடியிருக்கிறோம். கடைத்தெருவில் முருங்கைக்காயும் கணவாயும் இடியப்பமும் கிடைக்கும். எலிசபெத் பாதை ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் மேனர் பார்க்கில் இறங்கி முருகன் கோவிலுக்குப் போகலாம். பள்ளி விடுகிற நேரத்தில் பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்தால் உலகத்தின் பாதி மொழிகள் காதில் விழும். பல்லின நகரம் என்றால் எங்களுக்குக் கண்முன் வருவது இதுதான்.

குட்மேய்ஸ் நிலையம் எழுந்த அதே காலத்தில், லண்டனில் திரட்டிய பணம் அட்லாண்டிக்கைக் கடந்து இன்னொரு நகரத்தைச் சுற்றியும் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஆர்ஜென்டினாவின் ரயில் பாதைகளில் பெரும்பகுதி பிரித்தானியக் கம்பனிகளுடையது. 1948இல் பெரோனின் அரசு அவற்றை நாட்டுடைமையாக்கிய பிறகும் ரயில்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. புவெனஸ் ஐரிஸின் ரெத்தீரோ நிலையம் 1915இல் திறக்கப்பட்டது. அதன் இரும்புக் கூரை லிவர்பூலில் செய்து கப்பலேற்றப்பட்டது. அங்கிருந்து வடமேற்கே போகும் ஒரு பாதையில் கோக்லன் என்று சிறு நிலையம் இருக்கிறது. செங்கல் கட்டடம், மரவேலை செய்த கூரை விளிம்பு, தண்டவாளத்துக்கு மேலே இரும்பு நடைபாலம். நகரத் திட்டமிடல் படிக்கிற மாணவியாக, படிப்புக்கு நடுவே கிடைத்த சிறு விடுமுறையில் அந்த மேடையில் போய் நின்றபோது, எங்கள் கிழக்கு லண்டன் நிலையங்களில் ஒன்றில் நிற்பதாகவே இருந்தது.

ஒரே கையால் கட்டிய இரண்டு இடங்கள். ஆனால் புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் நடக்க நடக்க, எங்கள் பக்கத்தில் நான் கேட்டே இராத ஒரு கேள்வி எழுந்தது. ஒரு நகரத்தில் யார் யார் வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்பதையெல்லாம் பாடப்புத்தகங்கள் அளக்கின்றன. அந்த நகரத்தின் தெருவில் யாருடைய இறந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

*

புவெனஸ் ஐரிஸ் வந்தேறிகள் எழுப்பிய நகரம். 1853ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரையே இந்த மண்ணில் வாழ விரும்பும் உலகத்தவர் அனைவரையும் கணக்கில் எடுக்கிறது. அதற்குள் ஒரு பாகுபாடும் உண்டு. 25ஆம் பிரிவு ஐரோப்பியர் குடியேற்றத்தைத்தான் ஊக்குவிக்கச் சொல்கிறது. தெற்கே பழங்குடிகளின் நிலம் 1870களின் இறுதியிலும் 1880களிலும் படையெடுத்துப் பறிக்கப்பட்டது. இருந்தவர்களைத் துரத்திவிட்டுத்தான் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த நகரத்தைப் புகழக் கூடாது.

1914 கணக்கெடுப்பின்போது நகரவாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர், ஸ்பானியர், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர், சிரியர், லெபனானியர். பின்னர் ஆர்மேனியர், கொரியர், சீனர், பொலிவியர், பரகுவேயர், அண்மையில் வெனிசுவேலர். லினியர்ஸ் சந்தையில் பொலிவியப் பெண்கள் விற்கும் உருளைக்கிழங்கு வகைகளையும் பெல்கிரானோவின் சீனத் தெருவையும் பார்க்கிறவர்களுக்கு அந்த வரிசை விளங்கும்.

துறைமுகத்தை ஒட்டி 1911இல் திறந்த குடியேறிகள் விடுதி இப்போது அருங்காட்சியகம். கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு அங்கே ஐந்து நாள் தங்குமிடமும் உணவும் இலவசம். மருத்துவமனையும் வேலை தேடித் தரும் அலுவலகமும் அதே வளாகத்தில் இருந்தன. 1953 வரை அது இயங்கியது. அதன் உணவுக்கூடத்தில் நின்றபோது அப்பாவை நினைத்தேன். புகலிடம் கேட்டு லண்டன் வந்தவர் அவர். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை, கை நிறைய வேலை தெரிந்தும் வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஓர் அறையில் காத்திருந்த அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் அவர் அதிகம் சொல்வதில்லை. வந்திறங்கியவனிடம் ‘உனக்கு என்ன வேலை தெரியும்?’ என்று முதலில் கேட்கும் நாடும், ‘நீ சொல்வது உண்மைதானா?’ என்று முதலில் கேட்கும் நாடும் ஒன்றல்ல.

மாணவியின் கண்ணுக்குப் பட்ட இன்னொரு பெரிய விஷயம் பல்கலைக்கழகம். புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகம் 1821இல் நிறுவப்பட்டது. 1949இல் அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் நீக்கப்பட்டது; அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மாணவர்களும் கட்டணமின்றிப் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். பொகோட்டாவிலிருந்து வந்து அங்கே மருத்துவம் படிக்கிற ஒரு மாணவிதான் எனக்கு அந்த நகரத்தில் மொழியாகவும் வழியாகவும் இருந்தாள். இங்கிலாந்தில் இளங்கலைக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண் என்று சொன்னேன். “அப்படியென்றால் வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள். கடன் எடுப்பார்கள் என்றேன். அவளுடைய நாட்டிலும் அப்படித்தான், அதனால்தான் இங்கே வந்தேன் என்றாள்.

அந்தக் கதவும் இப்போது மெல்லச் சாத்தப்படுகிறது. அதிபர் ஹவியேர் மிலேயின் அரசு பல்கலைக்கழக நிதியை இறுக்கியபோது, 2024 ஏப்ரல் 23ஆம் திகதி லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று புலம்பெயர்வதை மனித உரிமை என்றே அறிவித்திருந்தது. 2025 மே மாதத்து ஆணை அந்தச் சட்டத்தின் தாராளத்தைக் குறைத்தது. எந்த நகரமும் ஒருமுறை திறந்துவிட்டால் திறந்தே கிடப்பதில்லை. யாராவது தெருவில் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

*

ரெத்தீரோ நிலையத்துக்கு எதிரே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. நாட்டு விடுதலைப் புரட்சியின் 1910 நூற்றாண்டு விழாவை ஒட்டி அங்கு வாழ்ந்த பிரித்தானியர் நகரத்துக்குக் கொடுத்த பரிசு, 1916இல் திறந்தார்கள். அதன் மணிக்கூடு லண்டன் குரொய்டனில் செய்தது. கோபுரம் நின்ற இடத்துக்குப் பிரித்தானியச் சதுக்கம் என்று பெயர். 1982 போருக்குப் பிறகு அது ஆர்ஜென்டின விமானப்படைச் சதுக்கம் ஆயிற்று. வீதியைக் கடந்து எதிர்மேட்டுக்குப் போனால், பிரித்தானியர் ஃபோக்லண்ட் என்று அழைக்கும் மால்வினாஸ் தீவுகளுக்கான அந்தப் போரில் இறந்த 649 ஆர்ஜென்டினரின் பெயர்கள் கரும்பலகைகளில் வரிசையாக இருக்கின்றன. பையில் பிரித்தானியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். இடிக்காமல் விட்ட கோபுரமும் எழுதி வைத்த பெயர்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

ஒன்சே பக்கம் போனால் பாஸ்த்தேர் தெரு. 1994 யூலை 18ஆம் திகதி அங்கிருந்த ஆமியா யூத சமூக நிலையம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 85 பேர் இறந்தார்கள். அந்தத் தெருவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் நட்டு, மரத்தடியில் பெயரைப் பதித்திருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே வட்டாரத்தில் 2004 டிசம்பர் 30 இரவு குரோமன்யோன் இசைக்கூடத் தீயில் மாண்ட 194 பேருக்கான இடம் இருக்கிறது. பெரும்பாலும் இளையவர்கள். அவர்களுடைய படங்களுக்குப் பக்கத்தில் சப்பாத்துகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியவை நடைபாதை ஓடுகள். சீமெந்தில் வார்த்த ஒரு பலகை. விளிம்பில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும். நடுவில் கையால் பதித்த எழுத்துகள்: இங்கே இன்னார் வாழ்ந்தார், இந்தத் திகதியில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார், செய்தது அரச பயங்கரவாதம். கடைசியில் அதைச் செய்து பதித்த வட்டாரக் குழுவின் பெயர். வாழ்ந்த வீட்டு வாசலில், படித்த கல்லூரி முன்னால், வேலை செய்த தொழிற்சாலைக்கு எதிரில் என்று நகரமெங்கும் அவை பதிந்து கிடக்கின்றன. அரசு பதித்தவை அல்ல. 2000களின் நடுப்பகுதியில் அயலவர்களும் உறவினர்களும் குழுக்களாகச் சேர்ந்து, தாங்களே சாந்து குழைத்து எழுத்துப் பதித்துத் தொடங்கிய வேலை.

அல்மாக்ரோ வட்டாரத்தில் ஒரு காலை. அந்நகரத்து மாடிக் கட்டடங்களில் காவலாளிகள் காலையில் குழாய் பிடித்து வாசல் நடைபாதையைக் கழுவிவிடுவார்கள். மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி கழுவிக்கொண்டே வந்தார். ஒரு பெண்பிள்ளையின் பெயர் பதித்த ஓடு இருந்த இடத்துக்கு வந்ததும் தண்ணீரை நிறுத்தினார். குனிந்து, தும்புக்கட்டையின் நுனியால் எழுத்துகளின் இடுக்கில் அடைந்திருந்த மண்ணைத் தேய்த்து எடுத்தார். பிறகு தண்ணீரைத் திறந்து மிச்சத்தைக் கழுவினார். அது அவருடைய சொந்தக்காரரா என்று என் தோழி கேட்டாள். இல்லை, தான் பரகுவேயிலிருந்து வந்தவன், அந்தப் பிள்ளை காணாமல் போனபோது தான் இந்த நாட்டிலேயே இல்லை என்றார். “என் வாசலில் இருக்கிறாள், நான்தானே பார்க்க வேண்டும்” என்றார்.

வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவர், தான் பிறவாத ஊரின் துயரத்தைத் தன் காலை வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நகரம் அவரை ஏற்றுக்கொண்டது போலவே அவரும் நகரத்தின் இறந்தவர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார். பல்லின நகரம் என்ற சொற்றொடருக்கு இதைவிட நிறைவான பொருளை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

*

அந்த ஓடுகளின் கதை 1976 மார்ச் 24இல் தொடங்குகிறது. இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர்வரை நீடித்த அந்த ஆட்சியில் மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டார்கள். மக்களாட்சி மீண்டதும் எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபத்தோ தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1984இல் 8,960 பேரைப் பெயரோடு பதிவுசெய்தது. இது முடிந்த கணக்கல்ல என்றும் சொன்னது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

1977 ஏப்ரல் 30, ஒரு சனிக்கிழமை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு தாய்மார் அதிபர் மாளிகைக்கு முன்னால் உள்ள மாயோ சதுக்கத்துக்கு வந்தார்கள். கூடி நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று பொலிஸ் அதட்டியது. சரி என்று இருவர் இருவராகக் கைகோத்து, நடுவிலிருந்த தூபியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பின்னர் வியாழக்கிழமை அவர்களின் கிழமை ஆயிற்று. அந்த ஆண்டின் ஒக்டோபரில் லுஹான் தேவாலய யாத்திரையில் ஒருவரையொருவர் அடையாளம் காண, குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அதுவே அவர்களின் முக்காடு ஆயிற்று.

அவர்களைத் திரட்டியவர் அசுசேனா வில்யாஃப்ளோர். காணாமல் போன ஒருவனின் தம்பி என்று சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்த ஒரு கடற்படை அதிகாரி, ஆல்ஃப்ரெதோ ஆஸ்தீஸ், அவர்களைக் காட்டிக்கொடுத்தான். 1977 டிசம்பரில் அசுசேனாவும் வேறு இரு தாய்மாரும் இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளும் உட்படப் பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள். அவர்களில் சிலரை உயிரோடு விமானத்தில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். அலை உடல்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. ஒரு சிற்றூர் மயானத்தில் பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005இல் தடயவியல் மானிடவியலாளர்கள் எலும்புகளை அடையாளம் கண்டார்கள். அசுசேனாவின் சாம்பல் அந்தச் சதுக்கத்துத் தூபியடியில்தான் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு நானும் அங்கே நின்றேன். தூபியைச் சுற்றித் தரையில் வெள்ளை முக்காடுகள் வரைந்திருக்கின்றன. தாய்மாரில் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். நெடுங்காலம் முன்னணியில் நின்ற எபே தெ போனஃபீனி 2022இலும் நோரா கோர்த்தீஞ்யாஸ் 2024இலும் காலமாகிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு தாயைச் சுற்றி மாணவர்கள், ஓய்வூதியர்கள், தொழிற்சங்கக்காரர்கள் நடந்தார்கள். ஒருவர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘இருக்கிறார்’ என்று பதில் கொடுத்தது. நடையில் சேர யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நானும் நடந்தேன். பக்கத்தில் வந்த ஒரு முதியவள் என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு எங்கிருந்து வந்தாய் என்று கேட்டாள். லண்டன் என்றேன். பிறகு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், எங்கள் ஊரிலும் தாய்மார் வீதியில் இருக்கிறார்கள் என்றேன். தோழி மொழிபெயர்த்தாள். “எவ்வளவு காலமாக?” என்று அவள் கேட்டாள்.

*

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் தொடங்கியது, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் நடத்தும் அந்தப் போராட்டம். சில நாட்களில் வவுனியாவிலும் பிறகு முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1984இல், பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளை விடச் சொல்லி யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி ஊர்வலம் போனது. 1980களின் இறுதியில் தெற்கில் சிங்கள இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் காணாமலாக்கப்பட்டபோது, 1990இல் மாத்தறையில் அதே பெயரில் தாய்மார் எழுந்தார்கள். 1980களின் இறுதியிலிருந்து இலங்கையில் காணாமலாக்கப்பட்டோர் 60,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று சர்வதேச மன்னிப்புச் சபை மதிப்பிட்டிருக்கிறது.

எங்களிடம் எண்கள் இருக்கின்றன. 2011இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், உத்தியோகபூர்வப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று விசாரணை ஆணைக்குழு முன் கேட்டார். ஐ.நா. நிபுணர் குழு அதே ஆண்டு 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்றது. இந்த எண்களுக்கு நடுவே எங்கள் ஆட்கள் ஆண்டாண்டாக வாதாடுகிறார்கள். ஆர்ஜென்டினாவிலும் எண்ணைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. முப்பதாயிரம் பொய் என்று சொல்கிறவர்கள் ஆட்சியிலேயே இருக்கிறார்கள். ஆனால் வாசலில் பதித்த ஓட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. அதில் ஒரே ஒருத்தியின் பெயரும் அவள் இருந்த வீட்டு இலக்கமும்தான் இருக்கின்றன.

லா பிளாட்டா ஆற்றங்கரையில், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, நினைவுப் பூங்கா இருக்கிறது. மண்ணிற ஆறு, மறுகரை கண்ணுக்குத் தெரியாத அகலம். சுவர்களில் 30,000 கற்பலகைகள். ஏறக்குறைய 9,000இல் பெயரும் வயதும் செதுக்கியிருக்கிறார்கள். மிச்சம் வெறுமையாக இருக்கின்றன. இன்னும் தெரியவராத ஒருவரின் பெயர் வந்தால் செதுக்க இடம் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஓர் எஃகுச் சிலை ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. 1977இல் தாயோடு பிடித்துச் செல்லப்பட்ட பதினான்கு வயது பாப்லோ மீகெஸின் உருவம், கிளவுதியா ஃபொந்தெஸ் செய்தது. தலைக்கு மேலே உள்ளூர் விமானங்கள் தாழப் பறந்து பக்கத்து விமான நிலையத்தில் இறங்குகின்றன. அசுசேனாவைக் கொண்டுபோய்த் தள்ளிய விமானம் பெல்ஃபாஸ்டில் செய்த ஸ்கைவேன் ரகம். அதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தேடிக் கண்டுபிடித்து 2023இல் திருப்பிக் கொண்டுவந்து, கடற்படையின் பழைய சித்திரவதைக் கூடமாயிருந்த எஸ்மா வளாகத்தில் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

காட்டிக்கொடுத்த ஆஸ்தீஸ், 1982 போரில் தெற்கு ஜோர்ஜியாத் தீவில் பிரித்தானியரிடம் சரணடைந்தவன். இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டான், காணாமலாக்கிய பெண்களைப் பற்றி விசாரிக்கவும்பட்டான். போர்க்கைதி என்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய்மார் நிறுத்தவில்லை. 1980களில் வந்த மன்னிப்புச் சட்டங்களை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2011இல் ஆஸ்தீஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்குகள் மீண்டும் திறந்ததிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றிருக்கிறார்கள். சிறையில் பிறந்து களவாடப்பட்ட குழந்தைகளைத் தேடும் பாட்டிமார், 1987இல் அமைத்த மரபணு வங்கியின் துணையோடு, 2025 யூலைக்குள் 140 பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சண்டை முடியும்வரை, ஆட்சி மாறும்வரை, நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே அவர்கள் எழுதி வைத்தார்கள். பெயர், வயது, உடுத்திருந்த உடுப்பு, கூட்டிப்போன வாகனம், பார்த்த சாட்சி.

*

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி என் பெரியம்மா இருக்கிறார். அவருடைய மகன், எனக்கு அண்ணா, 2007இல் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர். குட்மேய்ஸ் வீட்டின் சாமித்தட்டில் அவர் படம் இருக்கிறது. மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை. அந்தியேட்டி செய்யவில்லை, திவசமும் இல்லை. மே மாதத்து முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் அந்தப் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போவார். மாலையில் திரும்பத் தட்டில் வைப்பார். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் எவருக்கும் அது தெரியாது. பஞ்சாபி அயலவருக்கும் ருமேனிய அயலவருக்கும் அவர் சுவையான மிளகாய்ப் பொரியல் கொடுக்கிற ஆன்டி.

மாயோ சதுக்கத்துப் படங்களை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“மழை வந்தா என்ன செய்வினம்?”

“குடை பிடிச்சுக்கொண்டு நடப்பினமாம், பெரியம்மா.”

“இந்த அம்மாவுக்கு எத்தின வயசிருக்கும்?”

“தொண்ணூறுக்கு மேல.”

“அப்ப எனக்கு இன்னும் காலம் கிடக்கு, பிள்ளை.”

லண்டன் பெயர்களை மதிக்காத நகரமல்ல. 1860களிலிருந்து புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் நீலப் பலகை மாட்டிவருகிறது. ஆனால் அது புகழுக்குக் கொடுக்கும் இடம். 2009 ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் இரவு பகலாகக் கிடந்தார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து நானும் அங்கே போயிருக்கிறேன். அந்தப் புல்வெளியில் இன்று அதற்கு ஓர் அடையாளமும் இல்லை. போரின் இறுதியில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து மறுபடி எழுப்பவைத்தார்கள். இந்த நாட்டில் எங்கள் பெயர்களை எவரும் இடிக்கவில்லை. நாங்கள்தான் இன்னும் பதிக்கவில்லை. கோவில் கட்டினோம், தமிழ்ப் பாடசாலை நடத்தினோம், கடை வைத்தோம், நகரசபைக்கு உறுப்பினர்களை அனுப்பினோம். துயரத்தை மட்டும் சாமித்தட்டில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை வெளியே வருகிற துயரத்தை அயலவன் அறிய வழியில்லை; அறியாதவன் எங்களோடு நிற்கவும் மாட்டான். அந்தப் பரகுவேக் காவலாளியை அந்தப் பிள்ளையின் காவலாளியாக்கியது வாசலில் இருந்த ஓடு.

2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தைத் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன, ஒரு நீலப் புத்தகப்பையும் இருந்தது. அந்த எலும்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் உறவினரின் இரத்தம் வேண்டும். அதோடு உயரம், பல், முறிந்து பொருந்திய எலும்பு, கடைசியாக உடுத்த உடுப்பு என்ற விவரங்களும் வேண்டும். அந்த விவரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொட்டகையில் இருக்கும் தாய்மாரின் மனத்தில். குட்மேய்ஸிலும் கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பேல் தெருவிலும் முன்னறைகளில் இருக்கும் தாய்மாரின் மனத்தில். நீதி கேட்டு உட்கார்ந்தவர்களில் பலர் பதில் இல்லாமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் ஒரு பிள்ளையின் பல்லும் தழும்பும் உயரமும் போய்விடுகின்றன.

1984இல் ஆர்ஜென்டினாவின் தடயவியல் மானிடவியல் குழுவைத் தொடங்கியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அமெரிக்காவிலிருந்து வந்த கிளைட் ஸ்னோ என்ற வல்லுநரிடம் எலும்பு தோண்டக் கற்றுக்கொண்ட மானிடவியல், மருத்துவ மாணவர்கள். தங்கள் வயதில் காணாமல் போனவர்களைத்தான் அவர்கள் தேடினார்கள். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து அசுசேனாவின் எலும்புக்குப் பெயர் கொடுத்தது அவர்களின் குழு.

ஆகவே இந்த வேலை எங்கள் தலைமுறையின் வேலை. எங்களுக்கு மொழி இருக்கிறது, கணினி இருக்கிறது, பயமில்லாமல் எழுத ஒரு நாடு இருக்கிறது. நானும் பெரியம்மாவோடு தொடங்கியிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒழுங்கை, என்ன உயரம், எந்தப் பல் கழற்றியது, சைக்கிளால் விழுந்து எந்த முழங்காலில் தழும்பு, அன்றைக்கு என்ன நிறச் சேட்டு. ஒரு மாலை முழுவதும் சொன்னார். மறுநாள் காலையில் தொலைபேசி எடுத்து, விட்டுப்போன ஒன்றைச் சொன்னார். இப்படி ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பெயர்கள் சேர வேண்டும். சேர்ந்த பிறகு நகரசபையிடம் நடைபாதையில் இடம் கேட்கலாம்; தருவார்கள் என்றே நம்புகிறேன். பதிப்பதற்குப் பெயர்கள் முதலில் எங்கள் கையில் இருக்க வேண்டும். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.